பொருள்: ‘ஹார்டனிங்’ – கடினப்படுத்தலா, பழக்கலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நடவுக்கு முன்னால் நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து, வெயில் காட்டி எடுக்கிறோமே, ஆங்கிலத்தில் ‘ஹார்டனிங்’ எனப்படும் அந்த வேலைக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> கடினப்படுத்தல் கையேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

இருக்கிறது, சரி. ஆனால் நாற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிழல்வலைக்குள் தென்னைநார்க் கழிவு நிரப்பிய 98 குழித் தட்டில் தக்காளி நாற்று. சுமார் 25 நாளில் நடவுக்கு வரும். கடைசி சில நாள் தண்ணீரைக் குறைக்கிறோம். நார்க்கழிவு காயக் காயச் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும், துளை மூடிக்கொள்ளும். இலை வளர்வது முதலில் நிற்கும். வேர் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளும். செல்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் சேரும். இலைமேல் மெழுகு தடிக்கும். தண்டு இறுகுவது இத்தனையில் ஒன்றுதான். கைக்குத் தட்டுப்படுவது அது என்பதால் ஆங்கிலம் அதைப் பெயராக்கிவிட்டது.

கண்ணில் முதலில் பட்டதைப் பெயராக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அமிலமே சாட்சி. 1963-இல் கலிபோர்னியாவின் டேவிஸில் தாவர ஆய்வாளர் ஆடிகாட் குழுவினர் பருத்திக்காய் உதிர்வதை ஆராய்ந்தபோது அகப்பட்டது. அதனால் உதிர்வைக் குறிக்கும் ‘அப்சிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர். உதிர்வை முக்கியமாக நடத்துவது எத்திலீன் என்ற வேறொரு ஹார்மோன் என்று பிறகு தெரிந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். வறட்சியில் செடியைக் காப்பாற்றும் பொருள் இன்றைக்கும் உதிர்வின் பெயரில் நிற்கிறது.

கடினம் என்ற சொல்லில் நடைமுறை ஆபத்தும் உண்டு. எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வைக்கும். அளவு மீறிக் காயவிட்ட காலிஃபிளவர் நாற்று, நட்டபின் சரியாக வளராமல் பொத்தான் அளவில் பூக்கட்டி நின்றுவிடும். அப்புறம் ‘கடின விதை’ வேறு இருக்கிறது. பயறு ஊறவைத்தால் சில மணிகள் தண்ணீரே ஏறாமல் கல்லாகக் கிடக்குமே, அதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ‘விதை கடினப்படுத்துதல்’ என்று கையேடு சொல்வதோ, விதையை ஊறவைத்து மறுபடி உலர்த்துவதை. ஒன்று தண்ணீர் புகாதது, இன்னொன்று தண்ணீர் புகுந்து வந்தது.

> வாட்டல்? பதப்படுத்தல்?

வாட்டல் எனக்கும் பிடித்த சொல். ஆனால் வாடல் என்றாலே தோட்டக்காரருக்கு வாடல் நோய்தான் நினைவுக்கு வரும். வாட்டுவது என்றால் வீட்டில் வாழை இலையை அனலில் காட்டுவது. பதப்படுத்தல் தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது, உயிருள்ளதற்குப் பொருந்தாது.

நான் முன்வைப்பது பழக்கல். காளையை ஏருக்குப் பழக்குகிறோம், கன்றைக் கயிற்றுக்குப் பழக்குகிறோம். நாற்றை வெயிலுக்குப் பழக்குகிறோம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிடத் துல்லியமாகவும் இருக்கிறது. நாற்று தானாகச் செய்வது பழகல், நாம் செய்விப்பது பழக்கல்: தன்வினை, பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தகவமைப்போடும் குழம்பாது. கள்ளியின் முள் தலைமுறை தலைமுறையாக வந்த தகவமைப்பு. தக்காளி நாற்று ஒரு வாரத்தில் மாறுவது பழகல்.

> பழக்கல் என்றால் ஞாபகம் இருப்பது போல ஆகிவிடாதா? செடிக்கு ஏது ஞாபகம்?

மூளை இல்லை, உண்மை. ஆனால் ஒருமுறை காய்ந்து மீண்ட செடி, மறுமுறை காயும்போது முன்னைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதைப் பல பயிர்களில் பார்த்திருக்கிறார்கள். அதனால் சொல் பொய் சொல்லவில்லை.

முன்னொட்டும் எளிதாகச் சேரும்: வறட்சிப் பழக்கல், வெயில் பழக்கல், குளிர்ப் பழக்கல். இந்தப் பிரிவு தேவையும்கூட. வெள்ளரி, பூசணி நாற்றுகள் தண்ணீர் குறைப்பதை அவ்வளவாகத் தாங்காது. அவற்றுக்குப் பக்குவமான வெயில் பழக்கலே போதும். ‘கடினப்படுத்துக’ என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வேறுபாடு விவசாயிக்குப் போய்ச் சேராது.

விதைக்கு மட்டும் தயக்கம் இருக்கிறது. ‘விதைப் பழக்கல்’ என்று நீட்டலாமா, அல்லது ‘ஊறவைத்து உலர்த்தல்’ என்று நேராகவே சொல்லிவிடலாமா? என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. நிலக்கடலை, சோளம் விதைகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் உங்கள் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.