பர்மிங்ஹாம் கெல்லி இங்ரம் பூங்கா: குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

அட்லாண்டாவாசி:
அடுத்த மாதம் அலபாமா பக்கம் போகிறோம். கெல்லி இங்ரம் பூங்காவில் 1963-இல் கறுப்பின மக்கள் நடத்திய சம உரிமைப் போராட்டத்தை வைத்து உலோகச் சிற்பங்கள் இருக்கிறதாமே, பாய்கிற நாய்களுக்கு நடுவே நடக்க வேண்டும் என்கிறார்கள். மகளுக்கு எட்டு வயது, நாயைக் கண்டாலே என் பின்னால் ஒளிந்துகொள்வாள். கூட்டிப் போகலாமா?

கொல்லன்பட்டறை:
தாராளமா போங்க. அது ஜேம்ஸ் டிரேக் என்கிற சிற்பி செய்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் சுவர், அதிலிருந்து நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு உங்கள் மேல் பாய்கிற மாதிரி வெளியே வரும். பெரியவர்களுக்கே ஒரு கணம் திக்கென்றுதான் இருக்கும், ஆனால் பயந்தால் புல்வெளியில் இறங்கிச் சுற்றிப் போய்விடலாம். அந்த மே மாதம் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர்வலம் வந்த பிள்ளைகள் மேல் போலீஸ் நாயை ஏவியதும், தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் இதே இடத்தில்தான். தண்ணீர்ப் பீரங்கிச் சிலையும் இருக்கிறது, அதன் பின்னால் போய் நின்றால் அடிக்கிறவன் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். எனக்கு நாயைவிட அதுதான் உறுத்தியது.

மேகலை:
நாய் சிற்பம் சரி. போலீஸ்காரர் ஒரு பையனைப் பிடித்து நாயை விடுகிற 1995 சிலை (ரொனால்ட் மெக்டவல் செய்தது) மேல்தான் எனக்குக் கேள்வி. செய்திப் புகைப்படக்காரர் பில் ஹட்சன் அப்போது எடுத்த புகைப்படத்தை வைத்துச் செய்தது, ஆனால் படத்தில் இருக்கும் பையன் நல்ல உயரம், ஊர்வலத்தில் வந்தவனும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். சிலையில் அவனைச் சின்னப் பிள்ளையாக்கி, பின்னால் சாய வைத்திருக்கிறார். நடந்த இடத்திலேயே வைக்கிற சிலைக்கு இவ்வளவு கற்பனை எதற்கு?

கொல்லன்பட்டறை:
மேகலை, அங்கே அடி வாங்கியவர்களில் பல பேர் சின்னப் பிள்ளைகள்தானே? ஒருத்தன் முகத்தை மட்டும் அச்சு அசலாக வார்த்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? சிற்பிக்கு அந்த உரிமை உண்டு.

மேகலை:
உரிமை இருக்கட்டும், அதைப் பலகையில் எழுதி வைக்கலாமே என்கிறேன். அட்லாண்டாவாசி, உங்கள் மகளுக்கு நான்கு சிறுமிகள் சிலையை முதலில் காட்டுங்கள், 2013-இல் எலிசபெத் மக்வீன் செய்தது. எதிரே இருக்கும் பதினாறாம் தெரு தேவாலயத்தில் அதே 1963-இல் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் இறந்த பிள்ளைகள். ஒருத்தி மண்டியிட்டு இன்னொருத்தியின் கவுன் நாடாவைக் கட்டிவிடுகிறாள். யார் இவர்கள் என்று கட்டாயம் கேட்பாள், பதிலை வண்டியிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.