வெள்ளத்துக்குள்ள மட்டக்களப்பு வாவியில போட் ஓட்டின ஆக்கள் வாங்க, நடந்ததச் சொல்லுங்க

வாவிக்கரையான்:

நான் கல்லடிப் பக்கம். சனி ஞாயிறுல வெளியூர் ஆக்கள ஏத்திக்கொண்டு வாவியில ஒரு ரவுண்ட் அடிக்கிற பைபர் போட் ஒண்டு இரிக்கி, 15 குதிரைவலு எஞ்சின். கல்லடிப் பாலத்துக்குக் கீழால போய், கோட்டையக் காட்டி, பாலமீன்மடு வெளிச்சவீடு மட்டும் கொண்டு போய், பொழுது படுற மம்மலுக்குள்ள திரும்பக் கொண்டு வந்து இறக்கி விடுற, அவ்வளவுதான் வேலை. இந்த வாவியில கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவன் எண்டு கதைச்சுத் திரிஞ்சவன் நான். 2011 தை மாசம் அந்தக் கதை முடிஞ்சிது.

மழை விடவே இல்ல. உன்னிச்சை, நவகிரி எண்டு மேல இரிக்கிற குளமெல்லாம் நிரம்பி வான் பாஞ்சா அந்தத் தண்ணி கடைசியில வந்து விழுற இடம் நம்மட வாவிதான், வாவித் தண்ணி கடலுக்குப் போறதெண்டா முகத்துவாரத்துல மண்திட்ட வெட்டணும். அது எப்ப வெட்டுற எண்டு ஒவ்வொரு மாரிக்கும் இழுபறி, வயல்காரர் சுறுக்கா வெட்டுங்க எண்டுவாங்க, மீன்பிடிக்கிற ஆக்கள் பொறுங்க இறால் முழுக்கக் கடலுக்குப் போயிரும் எண்டுவாங்க. ரெண்டு பக்கமும் ஞாயம்தான், சரி அது வேற கதை.

வவுணதீவுக்கு அங்கால என்ட மாமி தனிய இரிந்தா. போன் இல்ல, றோட் இல்ல. நானும் மச்சானும் பாண், பிஸ்கட், மெழுகுதிரி, பனடோல், ஒரு கேன் பெற்றோல் எல்லாம் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டம். வலையிறவுப் பாலம் தாண்டிற மட்டும் ஒண்டும் தெரியல்ல, மறுகா பார்த்தா கரையே இல்ல, எது வாவி எது வயல் எது றோட்டு எண்டு ஒண்டும் விளங்கல்ல, எல்லாம் ஒரே தேத்தண்ணி நிறம், கரண்ட் கம்பியும் பனையும்தான் அடையாளம். கம்பிய வச்சு றோட்டைப் பிடிச்சிரலாம் எண்டு நான் எஞ்சின இறுக்கினன், ஒரு நூறு யார் தூரம் போயிருக்க மாட்டம், டக் எண்டு ஒரு சத்தம், எஞ்சின் கத்துது போட் போகல்ல. புறப்பல்லர்ல முள்ளுக்கம்பி. யாருட வேலியோ தண்ணிக்குக் கீழ நேராக் கிடந்திரிக்கி, அதுக்கு மேலால நாங்க போட் ஓட்டியிரிக்கம். புறப்பல்லர்ட பின் உடைஞ்சு போச்சு, ஸ்பெயார் பின் கல்லடியில வீட்டுல.

தண்ணி இழுவை எங்கள அப்பிடியே கொண்டு போகுது. ஒரு மாமரத்துட நுனிதான் வெளியில தெரிஞ்சது, மச்சான் எட்டி அதப் பிடிச்சாரு, பிடிச்ச உடன விட்டாரு. முசுறு எறும்பு. அந்த வளவுல இரிந்த முசுறு அவ்வளவும் அந்த ஒரு கொப்புலதான் ஏறி இரிந்திரிக்கி. தண்ணிக்குள்ள குதிக்கவும் ஏலா, போட்டுக்குள்ள நிக்கவும் ஏலா, அவரு ஆடின ஆட்டத்த இப்பவும் கலியாண வீடுகள்ல சொல்லிச் சிரிப்பன், ஆனா அந்த நேரம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல்ல.

அப்பதான் ஒரு தோணி வந்தது. எழுபது வயசிரிக்கும், சாரம் மடிச்சுக் கட்டி தலையில சொப்பிங் பேக்க தொப்பி மாதிரி போட்டுக்கொண்டு ஒரு மனிசன், கையில ஒரு நீளக் கம்பு, அவ்வளவுதான். முதல் சொன்னது "எஞ்சினத் தூக்கு மனே. நீங்க நிக்கிறது வாவியில்ல, நம்மட வட்டவிதானையார்ர வளவு." (வயல் வேலைகளப் பார்க்கிற தலைவர்தான் வட்டவிதானையார்.)

எங்கட போட்ட கயித்தால கட்டி இழுத்தாரு. நான் பார்த்துக்கொண்டே இரிந்தன், அவரு முன்னுக்குப் பார்க்கவே இல்ல, கம்பு ஊண்டுற கையாலதான் பார்த்தாரு. களி மாதிரி உள்ளுக்குப் போனா "இது வயல்", கொஞ்சம் மேல தட்டினா "வரம்பு, வலது பக்கம் சரிஞ்சிரி", கம்பு முழுக்கப் போயிட்டா "வாய்க்கால், கையப் போடாத", மறுகா கரகர எண்டு கல்லுத் தட்டினது. "றோட்டு வந்திற்று மனே." குனிஞ்சு பார்த்தன், தண்ணியத் தவிர ஒண்டும் தெரியா. கொஞ்சம் அங்கால பஸ் ஹோல்ட் கூரை தெரிஞ்ச பிறகுதான் நம்பினன்.

மாமி பள்ளிக்கூடத்துட மேல் மாடியில. எங்களக் கண்டவுடன அழுவா எண்டு நினைச்சன். "பாண் ஆருக்குடா, மாட்டுக்குத் தவிடு கொண்டு வந்தியா?" எண்டா. நாலு மாடு பள்ளிக்கூட மேட்டுல நிக்கிது, அதுகள விட்டுட்டு டவுனுக்கு வரவே மாட்டன் எண்டு ஒரே பிடி. மச்சான்ட முகம் முசுறு கடிச்சு வீங்கிப் போயிரிக்கி, அதையும் ஆரும் கேக்கல்ல.

அடுத்த நாள் அந்தத் தோணிக்கார மனிசனுக்குப் பின்னால தவிடு மூட்டையோட போனன். ஒரு கிழமை அப்பிடி. என்ட எஞ்சின் ஆழமான இடத்துல சாமான் இழுக்க உதவினது, அந்த மனிசன்ட கம்பு இல்லாட்டி மிச்சமெல்லாம் சரிவராது. வாவியத் தெரியும் எண்டு நான் சொன்னது மேல் தண்ணிய மட்டும்தான்.

மண்டூர் டீச்சர்:

அண்ணா, நான் எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்கால, கடல் பக்கம்) இருந்து மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போனவள். எங்களுக்கு போட் எண்டா குருமண்வெளிப் பாதைதான். (வெளியூர் ஆக்கள் குழம்ப வேணாம், எங்கட ஊர்ல பாதை எண்டா றோட்டில்ல, ஆக்களையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு வாவி கடக்கிற மிதவை.) கோடையில காலமைப் பாதையில போறது பிக்னிக் போற மாதிரி, காத்து வாங்கிக்கொண்டு கொப்பி திருத்துவம்.

ஒரு கார்த்திகை மாசம், பள்ளி விட்டு வந்தா பாதை ஓடாது எண்டுட்டாங்க, காத்தும் இழுவையும். பட்டிருப்புப் பாலத்தால சுத்திப் போகலாம் எண்டு பார்த்தா வெல்லாவெளி றோட்டுக்கு மேலால தண்ணி. ஒரு பிள்ளையிட வீட்டுலதான் மூண்டு இரவு, நாங்க அஞ்சு டீச்சர்மார். அந்த அம்மா எங்களுக்குச் சமைச்சது முழுக்க மீன், வயலுக்குள்ள ஏறி வந்த மீன, முத்தத்துல கரப்புக் கூடை வச்சுப் பிடிச்சது. எனக்கு அதில ஒரு சங்கடம், அவங்கட வேளாண்மை அழுகுது, அதுக்கு மேல பிடிச்ச மீன எங்களுக்குப் பொரிச்சுத் தாறாங்க. சாப்பிடாம விட்டா கோவிப்பாங்க. சாப்பிட்டம்.

நாலாம் நாள் பாதை ஓடினது. நடு வாவியில ஒரு கோழிக்கூடு மிதந்து போகுது, அதுக்கு மேல ஒரு சேவல் நிண்டு கூவுது. ஆரும் சிரிக்கல்ல.

கயாக் பொடியன்:

சின்ன அனுபவம்தான். வெள்ளம் வடிஞ்சு ரெண்டு நாள், மழை விட்டிட்டு தானே எண்டு கயாக் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் பின்பக்கம் போனன். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) பெரிய பெரிய திட்டா உடைஞ்சு முகத்துவாரப் பக்கம் போகுது, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி நல்ல வடிவு, போட்டோ எடுப்பம் எண்டு கிட்டப் போனா ஒரு திட்டுல பாம்பு சுருண்டு கிடக்கு, மற்றத் திட்டு திட்டே இல்ல, முதலையிட முதுகு. நான் துடுப்புப் போட்ட வேகத்துக்கு ஒலிம்பிக் போயிருக்கலாம். டவுனுக்குள்ள முதலை எண்டு சொன்னா கொழும்பு பிரெண்ட்ஸ் நம்புறாங்களே இல்ல.

சம்மாந்துறை காக்கா:

நான் வாவியில இல்ல, சேனாநாயக்க சமுத்திரத்துல. 1949ல வேலை தொடங்கின கல்லோயாத் திட்டத்துட குளம், இங்கினியாகலயில போட் எடுத்து யானை பார்க்கப் போற இடம். யானை தீவுக்குத் தீவு நீந்தும், தும்பிக்கை மட்டும் வெளியில, அதப் பார்க்கத்தான் புள்ளைகளோட போனம். தண்ணி நல்லா ஏறியிரிந்த காலம். குளம் கட்டக்குள்ள தண்ணிக்குள்ள தாண்ட காட்டுட பட்ட மரம் எல்லாம் கோடையில குச்சி குச்சியா வெளியில நிக்கும், அதப் பார்த்து விலத்தி ஓட்டலாம். குளம் நிறைஞ்சா அந்த மரமெல்லாம் ஒரு சாண் கீழ. போட்காரர் எஞ்சின அரைவாசி தூக்கி வச்சிக்கி ஊர்ந்து போனாரு, என்ட மகன் "வாப்பா இவரு ஏன் இவ்வளவு ஸ்லோ" எண்டு நச்சரிச்சான். வாவிக்கரையான்ட முள்ளுக்கம்பிக் கதையப் படிச்சதும் அந்த மனிசன்ட ஞாபகம்தான் வந்திச்சி.

2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில மத்ரஸாப் புள்ளைகள் போன உழவு மெசின அள்ளிக்கொண்டு போன தண்ணி எங்கட றோட்டுக்கு மேலால போன தண்ணிதான். பார்க்க முழங்கால் அளவு மாதிரித்தான் இரிக்கும். அதுக்குப் பிறகு நான் பொழுதுபோக்குக்கு எண்டு மாரியில போட் ஏறல்ல. மத்த ஆக்கள நான் குத்தம் சொல்லல்ல.

வாவிக்கரையான்:

காக்கா, அல்லாஹ் அந்தப் புள்ளைகளுக்கு நல்ல இடம் குடுக்கட்டும்.

டீச்சர், சேவல் கதை மனசுல நிக்கிது. கயாக் தம்பி, வெள்ளம் வடிஞ்சு கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க, சொன்னாக் கேளுங்க.

இன்பொக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க இப்ப வந்தா பாடுமீன் (நம்மட வாவியில இரவுல தண்ணிக்குள்ள இருந்து வாற பாட்டுச் சத்தம்) கேக்கலாமா எண்டு. இப்ப இல்ல. வெள்ளத் தண்ணி போய் வாவியில உப்பு ஏறணும், சித்திரை வைகாசிக்குப் பிறகு பூரணை இரவுல வாங்க, பாலத்துக்குக் கிட்டப் போய் எஞ்சின நிப்பாட்டிட்டு துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனிய காதுல வச்சுக் கேக்கணும். என்ட போட்ல துடுப்ப விட வேற ஒரு சாமானும் இரிக்கி, பன்னிரண்டு அடிக் கம்பு, அந்தத் தோணிக்கார மனிசன் வெட்டித் தந்தது. ஏறுற ஆக்கள் எல்லாம் இது ஏன் குறுக்க கிடக்கு எண்டு கேக்கிற, காலுல தட்டுது எண்டு. கொஞ்சம் தள்ளி இரிங்க எண்டுதான் சொல்லுவன்.