ஆஞ்சியோபிளாஸ்டி: பலூன் ஊதியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

மழைக்குருவி
இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயான எல்ஏடி-யில் அடைப்பு. பலூனால் விரித்து ஒரு ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழல், வைத்தார்கள். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். பலூன் விரியும்போது வந்த வலிதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் வருமே, அச்சு அசலாக அதே வலி. நானோ அசையாமல் படுத்திருக்கிறேன். "வலிக்குதா?" என்றார் டாக்டர். "ஆமா." "சரி, இந்த இடம்தான்" என்று காற்றை இறக்கினார். சட்டென்று வலி நின்றுவிட்டது. மாதக்கணக்கில் என்னை ஆட்டிவைத்த வலியை இன்னொருவர் வரவழைத்து நிறுத்தியதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்
எனக்குக் கைவழியாகத்தான் கதீட்டரை, அதாவது இதயம்வரை போகும் மெல்லிய குழலை, விட்டார்கள். பாதியில் மணிக்கட்டு ரத்தக்குழாய் இறுகிக் கதீட்டரைப் பிடித்துக்கொண்டது. முழங்கைவரை முறுக்கியெடுத்தது. மருந்து செலுத்திப் பார்த்தார்கள், தளரவில்லை. அப்புறம் தொடைவழி போனார்கள். கைவழி என்றால் ஒன்றுமே தெரியாது என்று சொன்ன புண்ணியவான்கள் இங்கே இருக்கிறீர்களா?

நடைப்பயணி
மழைக்குருவி, இறக்கியது காற்று இல்லை. பலூனுக்குள் போவது சாயம் கலந்த உப்புநீர். எனக்கு வலியே இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடைப்பு என்றாலே ஸ்டென்ட் என்று பேசாதீர்கள். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அது உயிர் காக்கும், சந்தேகமில்லை. நடந்தால் வந்து, நின்றால் போகிற வலிக்குக் கதை வேறு. 2007-இல் வந்த கரேஜ் ஆய்வும் 2020-இல் வந்த இஸ்கீமியா ஆய்வும் சொன்னது இதுதான்: நல்ல மருந்துகளோடு ஒப்பிட்டால் மரணம் குறையவில்லை, நெஞ்சுவலிதான் குறைந்தது. இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்கள் இஸ்கீமியாவில் சேர்க்கப்படவில்லை, அதையும் கவனியுங்கள்.

மழைக்குருவி
மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தும் படி ஏற முடியாமல்தான் போனேன். நெஞ்சுவலி குறைவது உங்களுக்குச் சின்ன விஷயமா?

வெண்பூசணி
எனக்குத் தொல்லை வந்தது ஸ்டென்ட் வைத்த பிறகு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டிகாக்ரெலார் மாத்திரை போட ஆரம்பித்ததும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி சரியாக இருந்தது. அந்த மாத்திரைக்கே அப்படி ஒரு பக்கவிளைவு உண்டாம். அதே வேலை செய்யும் க்ளோபிடோக்ரெலுக்கு மாற்றினார்கள். ஆனால் யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்பு. பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள். கடைசிபெஞ்ச், அந்த மணிக்கட்டில் இப்போது நாடி பிடிபடுகிறதா? சிலருக்குக் குழாய் சத்தமில்லாமல் அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை போகும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்
பிடிபடுகிறது, ஆனால் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க இன்னும் விடுவதில்லை.