3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? ஐ5-10400க்கு எந்த கிராபிக்ஸ் கார்ட் சரி?

கேள்வி: கல்லடி_எடிட்

வணக்கம். என்னட்ட இருக்கிற மெசின்: ஐ5-10400 புரொசசர், பி460 மதர்போர்ட், 16 ஜிபி ரெம், 500 வொட் பவர் சப்ளை, 1080பி மொனிட்டர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட். கலியாண வீட்டு வீடியோக்களை 4கேல எடுத்து டாவின்சி ரிசோல்வ் ஸ்டூடியோவில எடிட் பண்ணுறதுதான் முக்கிய வேலை. இடைக்கிட பிளெண்டர் (3டி மென்பொருள்), நேரம் கிடைச்சா கேம். நொய்ஸ் ரிடக்சன் (படத்தில புள்ளி புள்ளியாத் தெரியிறதைக் குறைக்கிறது) போட்ட உடன ஜிபியு (கிராபிக்ஸ் கார்ட்) மெமரி நிறைஞ்சிட்டு எண்டு எரர் வந்து நிக்குது.

மட்டக்களப்பு டவுன்ல புது ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி இருக்கு. கல்முனையில பாவிச்ச 3060 12 ஜிபி ஒண்டு. விலையில பெரிய வித்தியாசம் இல்ல. 3060க்கு 3584 குடா கோர் (கணக்குச் செய்யிற அலகு), 192 பிட் பஸ் (மெமரிக்குப் போற பாதை). 4060க்கு 3072 கோர், 128 பிட். பேப்பர்ல பார்த்தா 3060தான் பெரிசு, ரிவியூ எல்லாம் 4060தான் வேகம் எண்டு சொல்லுது. எதை நம்புறது? ஏஎம்டியின்ட ஆர்எக்ஸ் 6600 ஒண்டும் மலிவா வருது, அதையும் யோசிக்கலாமா?

பதில் 1: வாவிக்கரை

தம்பி, கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள்ளதான் ஒப்பிடலாம். 3060 ஆம்பியர் தலைமுறை (2021), 4060 ஏடா தலைமுறை (2023). கோர் × 2 × கிளாக் எண்டு ஒருக்கா பெருக்கிப் பாருங்க. 3060 பூஸ்ட் கிளாக் 1.78 கிகாஹேர்ட்ஸ், ஏறத்தாழ 12.7 டெராஃப்ளொப் (செக்கனுக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு எண்ட அளவு). 4060க்கு 2.46 கிகாஹேர்ட்ஸ், 15.1 டெராஃப்ளொப். கோர் குறைஞ்சும் முந்துறது இதாலதான்.

மெமரி பாண்ட்வித் (செக்கனுக்கு எவ்வளவு டேட்டா போய் வரும் எண்டது) கணக்கும் லேசு: பஸ் அகலத்தை 8ஆல பிரிச்சு மெமரி வேகத்தால பெருக்கணும். 3060: 192 ÷ 8 × 15 = செக்கனுக்கு 360 ஜிபி. 4060: 128 ÷ 8 × 17 = 272 ஜிபி. குறைஞ்ச 88ஐ ஈடுகட்டத்தான் என்விடியாக்காரன் 4060க்குள்ள 24 எம்பி எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கிற வேகமான சின்ன மெமரி) வச்சிருக்கான். 1080பி கேம்ல அந்தக் கேஷ் நல்லா வேலை செய்யும், 4060 சராசரியா 15 முதல் 20 சதவீதம் முன்னுக்கு நிக்கும். மின்சாரமும் 115 வொட்தான், 3060க்கு 170.

ஆனா ரிவியூ செய்யிறவங்க அநேகமா பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கிற பாதை) 4.0 அல்லது 5.0 இருக்கிற மதர்போர்ட்டில புது புரொசசரோட சோதிக்கிறாங்க. உங்கட 10400 பிசிஐஇ 3.0. 4060க்கு எட்டு லேன்தான் (எக்ஸ்8), 3060க்கு 16. அப்ப உங்கட போர்ட்டில 4060க்குக் கிடைக்கிறது செக்கனுக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, 3060க்கு அதைப்போல ரெண்டு மடங்கு. வீரேம் (கார்டின்ட சொந்த மெமரி) நிறையாத வரைக்கும் இது பெரிசாத் தெரியாது. நிறைஞ்சு வழிஞ்சா டேட்டா மெயின் ரெம்முக்குப் போய் வரணும், அப்பதான் பழைய கல்லடிப் பாலத்தில ஒரு பக்கத்தை மறிச்சு மறுபக்க வாகனத்தை விட்ட கதை. சராசரி எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்) நல்லாத்தான் காட்டும், படம் இடைக்கிட விக்கும்.

உங்கட எரரே மெமரி காணாமத்தான் வருது. 4லிருந்து 8க்குப் போனா கொஞ்சக் காலம் தாங்கும். யுஎச்டி (4கே) டைம்லைன்ல டெம்பரல் நொய்ஸ் ரிடக்சனும் ரிசோல்வின்ட ஃபியூசன் எஃபெக்டும் ஒண்டா ஏறினா 8 ஜிபியும் இறுகிடும். இந்த வேலைக்கு 3060 12 ஜிபி எடுங்க. 3060 எண்ட பேரிலேயே 8 ஜிபி ஒண்டும் இருக்கு: 128 பிட், 240 ஜிபி. அதைத் தலையில கட்டிவிட விடாதீங்க.

பதில் 2: அக்கரைப்பற்று_கலர்

வாவிக்கரை காக்கா சொன்னது சரி. ஆனா கார்ட் வாங்க முதல் கெமராவைப் பாருங்க. ஒரு கிளிப்பை மீடியா இன்ஃபோ எண்ட புரோகிராமில திறந்து ‘குரோமா சப்சாம்ப்ளிங்’ (நிற விவரத்தை எவ்வளவு குறைச்சுச் சேமிக்குது எண்டது) வரியை வாசிங்க.

4:2:0 8 பிட் எண்டா ரெண்டு கார்டும் எச்.264, எச்.265 (வீடியோச் சுருக்க முறைகள்) ரெண்டையும் ஹார்ட்வெயர்ல டிகோட் பண்ணும் (விரிச்சு வாசிக்கும்). 4:2:2 10 பிட் எண்டா 3060ம் செய்யாது, 4060ம் செய்யாது, சுமை முழுக்க 10400 தலையில விழும். டைம்லைன் இழுபடுறதுக்கு கார்டைக் குறை சொல்லி வேலையில்ல. என்விடியாவில 4:2:2 டிகோட் 50 சீரிஸ்லதான் வந்தது. 5060ல அது இருக்கு, மெமரி திரும்பவும் 8 ஜிபிதான். இன்டெல் குயிக் சிங்க்ல (புரொசசருக்குள்ளேயே இருக்கிற வீடியோப் பகுதி) 11வது ஜென்னில இருந்து எச்.265 4:2:2 ஓடும், உங்கட 10வது ஜென்னுக்கு அது இல்ல.

4:2:2 கெமராவோட இந்த மெசினில ஓட வழி ப்ரொக்சிதான் (எடிட்டுக்கு மட்டும் பாவிக்கிற லேசான நகல்). மீடியா பூலில கிளிப்பெல்லாம் தெரிவு செய்து ரைட் கிளிக், ‘ஜெனரேட் ப்ரொக்சி மீடியா’. ப்ரொஜெக்ட் செட்டிங்ஸ்ல அளவைப் பாதி ஆக்கி, ஃபோர்மட்டை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி ஆக்குங்க. இது எச்.265 மாதிரி சுருக்கிச் சேமிக்காது, இடத்தைத் தின்னும். ப்ரொக்சிக்கு வேற எஸ்எஸ்டி ஒதுக்கினா நல்லது.

4060க்கு ஒரு மேலதிக லாபம் ஏவி1 (புது வீடியோச் சுருக்க முறை) என்கோட். 3060 ஏவி1 டிகோட் மட்டும்தான். கலியாண வீட்டுக்காரருக்கு பென் டிரைவ்ல எச்.264 குடுக்கிற வேலைக்கு அது தேவைப்படாது. 6600 கேமுக்கு நல்ல கார்ட், ஆனா அதில குடா, ஆப்டிக்ஸ் (என்விடியா கார்டில ரெண்டரை வேகமாக்கிறதுகள்) இல்ல, பிளெண்டரில பின் தங்கும். உங்கட தேவைக்கு விடுங்க.

கேள்வி கேட்டவர்: கல்லடி_எடிட்

பார்த்தன். 4:2:0, 8 பிட், எச்.264. அப்ப 3060தான். பாவிச்ச கார்டைக் கடையில வச்சு எப்படிச் சோதிக்கிறது? 500 வொட் காணுமா? இன்டெல் ஆர்க் பி580 கார்டும் 12 ஜிபி எண்டு ஒருத்தர் சொன்னார்.

பதில் 3: நாவற்குடா_ரிப்பெயர்

பி580 வேண்டாம். ரீசைசபிள் பார் (புரொசசர் கார்ட் மெமரி முழுக்கவும் ஒரேயடியா அணுகிற வசதி) இல்லாட்டி படுத்துடும். அது இருந்தாலும் 10400 மாதிரிப் பழைய புரொசசர்ல அதின்ட டிரைவர் சுமை கூட.

கடைக்குப் போனா முதல்ல கண்ணால பாருங்க. கரையோரக் கார்டுக்கு கிரிப்டோ மைனிங்கை விட உப்புக்காத்துதான் எமன். பிராக்கெட், எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள்ள, ஹீட்சிங்க் ஆணித்தலை: துரு இருக்கா? ஃபேன் இடுக்கால டோர்ச் அடிச்சுப் பார்த்தா செப்புக் குழாயில பச்சை பூத்திருந்தா வாங்காம வச்சிட்டு வந்திடுங்க. ஃபேனை விரலால சுத்தினா கரகரக்கக் கூடாது. ஆணியில் கீறல் இருந்தா ஏற்கனவே கழட்டின கார்ட்.

பிறகு ஜிபியு-இசட் (கார்டின்ட விவரம் காட்டுற புரோகிராம்). மெமரி 12288 எம்பி, பஸ் 192 பிட், பாண்ட்வித் 360, ஆர்ஓபி 48. பயோஸ் மாத்தின போலிக் கார்ட் எண்டா பேருக்கு முன்னுக்கு ‘ஃபேக்’ எண்டு அதுவே காட்டும். பஸ் இன்டர்ஃபேஸ் வரிக்குப் பக்கத்தில கேள்விக்குறியை அமத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட விட்டா உங்கட போர்ட்டில எக்ஸ்16 3.0 எண்டு வரணும். எக்ஸ்8, எக்ஸ்4 எண்டு வந்தா கார்டின்ட தங்கப் பல்லைத் துடைச்சு ஸ்லொட்டில திரும்ப இருத்திப் பாருங்க. அப்பவும் அப்படியே எண்டா வாங்காதீங்க.

அடுத்து ஓசிசிடி எண்ட சோதனைப் புரோகிராமில வீரேம் டெஸ்ட், 15 நிமிஷமாவது. ஒரு எரர் வந்தாலும் வேண்டாம். ஃபர்மார்க் (கார்டுக்கு முழுச் சுமை குடுக்கிற புரோகிராம்) ஓட விட்டு ஜிபியு வெப்பத்தையும் ஹொட்ஸ்பொட்டையும் (சிப்பில ஆகச் சூடான இடம்) பாருங்க. இடைவெளி 12 முதல் 15 டிகிரி எண்டா சரி. 25ஐத் தாண்டினா சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில இருக்கிற பேஸ்ட் காஞ்சிட்டு, விலையைக் குறைச்சுக் கேளுங்க. பேஸ்ட் மாத்தலாம், ஆனா தெர்மல் பேட் தடிப்பு மொடலுக்கு மொடல் வேற. தடிச்ச பேட் வச்சா ஹீட்சிங்க் சிப்பில இருக்காம தூக்கிக்கொண்டு நிக்கும், முந்தினதை விடச் சூடேறும். கடை ஏசி ரூம்ல எடுத்த ரீடிங்கை நம்பி இருக்காதீங்க. கச்சான் அடிக்கிற நாளையில வீட்டில ரூம் 10 டிகிரி கூட எண்டா கார்டும் கிட்டத்தட்ட 10 கூடும்.

500 வொட் எண்டது ஸ்டிக்கர். பக்கவாட்டில 12 வோல்ட் வரியில எத்தனை அம்பியர் எண்டு பாருங்க. 36க்கு மேல எண்டா போதும்: கார்ட் 170, புரொசசர் உச்சத்தில 134, மற்றதெல்லாம் 50. 25 அம்பியர் எண்டா (12 × 25) அது 300 வொட் சப்ளை. கார்டுக்குப் போற 8 பின் வயர் சப்ளையிலிருந்து நேரா வரணும், மொலெக்ஸ் (பழைய 4 பின்) கன்வேர்ட்டர் போட்டா பிளக் உருகும். 650 விஏ யூபிஎஸ் எண்டா ரெண்டர் ஓடேக்க கரண்ட் போனால் தாங்காது. ஆஃப்டர்பேர்னர் எண்ட புரோகிராமில பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கி வச்சா வேகம் கொஞ்சம்தான் குறையும், யூபிஎஸ்ஸுக்கும் சப்ளைக்கும் ஆறுதல்.

பதில் 4: வாவிக்கரை

ஒண்டு விடுபட்டுட்டு. 16 ஜிபி ரெம் ஒரே குச்சியா, 8 + 8ஆ? ஒரு குச்சி எண்டா சிங்கிள் சேனல்ல (ரெண்டு பாதைக்குப் பதிலா ஒரே பாதையில) ஓடும். பி460ல 10400ஓட 2666க்கு மேல ரெம் வேகமும் ஏறாது. கார்டுக்கு முதல் அதே மாதிரி இன்னொரு 16 ஜிபி போடுங்க, ரிசோல்வுக்கும் 32 காணும்.