கள்ளியங்காட்டு நீலி கதை முழுசாகத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும்.

2025-ல் வந்த மலையாளப் படம் 'லோகா' பார்த்ததிலிருந்து நீலி நினைப்பாகவே இருக்கிறது. நம்ம நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு யட்சியை சூப்பர் ஹீரோவாக மாற்றியதைப் பார்த்து உண்மையிலேயே பெருமைப்பட்டேன். கல்யாணி பிரியதர்ஷன் அந்த வேடத்துக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் எனக்குப் பிடித்தது நீலியின் பழைய கதை வரும் பகுதிதான். பெங்களூரில் நடக்கும் சண்டைகள் மற்ற சூப்பர் ஹீரோ படங்களில் பார்த்த மாதிரிதான் இருந்தன.

பேய்ப்படம் என்றால் 'பிரமயுகம்' மாதிரி வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஒரு பாழடைந்த மனை, மம்முட்டியின் சிரிப்பு, அவ்வளவுதான். திடீர்ச் சத்தம் போட்டுத் தூக்கிப்போட வைக்கும் படங்களில் பயம் வாசலோடு போய்விடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக நீலி கதை பாடுவார்களே, அதன் முழு ஒலிப்பதிவு யாரிடமாவது இருக்கிறதா? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எந்தப் பக்கமானாலும் சரி. பாடும் அண்ணாச்சிமாரைத் தெரிந்தாலும் சொல்லுங்கள், நேரில் வந்து கேட்கிறேன். திருவாலங்காட்டுப் பக்கம் சொல்லப்படும் பழையனூர் நீலியும் நம்ம நீலியும் ஒன்றுதானா என்பதில் உங்கள் வீட்டுப் பாட்டா, பாட்டி சொன்னதையும் எழுதுங்கள். அப்புறம், 'பிரமயுகம்' மாதிரி நிதானமாகப் பயமுறுத்தும் தமிழ்ப்படம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.