வெள்ளிக்கிழமையைப் போய் பிளாக்னு ஏன் சொல்றாங்க?

நியூ ஜெர்சிக்கு வந்து ரெண்டு மாசமே ஆன தம்பி ஒருத்தர் கேட்டார்: "அக்கா, எங்க பார்த்தாலும் பிளாக் ஃப்ரைடேன்னு போர்டு. நம்ம ஆடித் தள்ளுபடி மாதிரின்னு புரியுது. ஆனா கறுப்புன்னு ஏன் பேரு? அம்மாகிட்ட போன்ல சொன்னா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னடா பேச்சு இதுன்னு திட்றாங்க."

அம்மா கேட்டது நல்ல கேள்வி. விளக்கு ஏத்துற நாளைக் கறுப்புன்னு சொன்னா யாருக்குமே உறுத்தும். பதில் நம்ம பக்கத்து ஊர்லயே இருக்கு. இந்தப் பேரு பரவினது ஃபிலடெல்ஃபியாவுல.

1950கள்ல அங்க மார்க்கெட் ஸ்ட்ரீட்தான் வியாபாரத்துக்கு மையம். வானமேக்கர்ஸ், கிம்பெல்ஸ், லிட் பிரதர்ஸ், ஸ்ட்ராபிரிட்ஜ்னு பெரிய பெரிய கடைங்க அடுத்தடுத்து இருந்துச்சு. நவம்பர் நாலாவது வியாழன் தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்ற பண்டிகை. மறுநாள் வெள்ளிக்கிழமை, புறநகர்ல இருந்து குடும்பம் குடும்பமா கிறிஸ்துமஸுக்கு வாங்க வந்துடுவாங்க. போதாக்குறைக்கு அந்த வாரக் கடைசியில ராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் நடக்கிற ஃபுட்பால் மேட்ச் பல வருஷம் அந்த ஊர்லதான் நடந்துச்சு. லட்சம் பேர் உட்கார்ற மைதானம். அந்தக் கூட்டமும் முன்கூட்டியே ஊருக்குள்ள வந்து சேரும். போக்குவரத்துப் போலீஸ்ல ஒருத்தருக்கும் லீவு கிடையாது, பன்னிரண்டு மணி நேரம் தெருவுல நிக்கணும். அவங்க வாயில வந்த பேருதான் பிளாக் ஃப்ரைடே. பஸ் டிரைவர்களும் அப்படித்தான் சொன்னாங்க. அப்போ போலீஸ் செய்தி எழுதிட்டிருந்த ஜோசப் பாரெட்ங்கிற பத்திரிகையாளர், 1994ல இதையெல்லாம் நினைவுபடுத்தி எழுதியிருக்கார்.

அதனால அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க: நாள் கெட்ட நாள்னு யாரும் சொல்லல, கால் கடுக்க நின்னவங்க அலுத்துப்போய் வச்ச பேரு.

கடைக்காரங்களுக்கு இது பிடிக்கவே இல்லை. கறுப்புன்னு சொன்னா யார் வருவான்னு பயம். 1961ல ஊர் நிர்வாகத்தோட ஆலோசனையில 'பிக் ஃப்ரைடே'ன்னு மாத்திப் பார்த்தாங்க, ஒட்டலை. ரொம்ப வருஷம் இது ஃபிலடெல்ஃபியா பக்கத்துப் பேச்சாவே இருந்து, 1980கள்லதான் நாடு முழுக்கப் பரவுச்சு. அப்பதான் அடுத்த விளக்கமும் வந்துச்சு: நஷ்டத்தைச் சிவப்பு மையில, லாபத்தைக் கறுப்பு மையில எழுதுவாங்க, இந்த நாள்ல கணக்கு கறுப்புக்கு மாறுதுன்னு. ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. கேட்க நல்லா இருக்கு, ஆனா பேரு புழங்க ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கும் மேல ஆனப்புறம், 1981 வாக்குல பத்திரிகையில வந்த விளக்கம் அது. அதுக்கெல்லாம் முன்னாடியே, 1951ல தொழிற்சாலை நிர்வாகத்துக்கான ஒரு பத்திரிகை இதே வார்த்தையைப் போட்டிருக்கு. அங்க கவலை வேற: தேங்க்ஸ்கிவிங் மறுநாள் தொழிலாளிங்க உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுடறாங்கன்னு.

1869 செப்டம்பர் 24ல தங்கச் சந்தை சரிஞ்ச நாளுக்கும் பிளாக் ஃப்ரைடேன்னுதான் பேரு. அது தனிக் கதை, ஷாப்பிங்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்லணும். தேங்க்ஸ்கிவிங் மறுநாள் அடிமைகளைத் தள்ளுபடியில வித்தாங்க, அதனாலதான் இந்தப் பேருன்னு நவம்பர் ஆனா வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்தும். தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. 1865லயே அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சுடுச்சு, இந்த நாளுக்கு இந்தப் பேரு வந்தது 1950கள்ல. கறுப்பின மக்கள் பட்ட வேதனை உண்மையான, பெரிய வரலாறு. அதுல இல்லாத கதையைச் சேர்க்கிறது அவங்களுக்குச் செய்ற மரியாதை இல்லை. உங்க ஆபீஸ்ல, பக்கத்து வீட்டுல அவங்க இருப்பாங்க, நினைச்சுக்கோங்க.

பேரு வச்சது வேலை பார்த்தவங்கன்னு சொன்னேன் இல்லையா, அவங்க படுற பாடு இன்னிக்கும் மாறலை. 2008ல லாங் ஐலண்டுல ஒரு கடை விடியக்காலை கதவைத் திறந்தப்போ, கூட்டம் தள்ளின தள்ளுல ஊழியர் ஒருத்தர் மிதிபட்டே இறந்துபோனார். அதைப் படிச்சதுல இருந்து நான் விடியக்காலை வரிசைக்குப் போறதில்லை. நீங்களும் போக வேண்டாம். பெரும்பாலான விலை இப்போ ஆன்லைன்லயே கிடைக்குது. கடைக்குப் போனா பில் போடுற பொண்ணுகிட்ட சிரிச்சு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க, அவ விடியக்காலையில இருந்து நின்னுட்டிருப்பா.

மாணவர்களா வந்திருக்கீங்கன்னா இதைக் கவனமாப் படிங்க. அந்த வாரம் கடைங்களுக்கு ஆள் தேவைப்படும். "ஒரு நாள்தானே, கையில காசு தர்றேன்"னு யாராவது கூப்பிடலாம். எஃப்-1 மாணவர் விசாவுல அனுமதி இல்லாம வளாகத்துக்கு வெளியில ஒரு நாள் வேலை பார்த்தாலும் விதிமீறல்தான். அந்த நூறு டாலருக்காகப் படிப்பையே பணயம் வைக்காதீங்க. வேலை விசாவுல வந்தவரோட மனைவியா எச்-4 விசாவுல வந்து, வேலை அனுமதி அட்டை இல்லாம இருக்கிற தங்கச்சிகளுக்கும் இதேதான்.

வாங்குறதைப் பத்திக் கொஞ்சம். குளிர் கோட்டுக்காக நவம்பர் கடைசி வரைக்கும் காத்திருக்காதீங்க. முதல் குளிர்ல, அதுவும் குழந்தைங்களோட, முப்பது டாலர் மிச்சம் பிடிக்கிறது பெருசில்லை. நியூ ஜெர்சியிலயும் பென்சில்வேனியாவுலயும் சாதாரணத் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது, டிவி, லேப்டாப்புக்கு உண்டு. அதனால போர்டுல இருக்கிற விலையை மட்டும் வச்சுக் கணக்குப் போடாதீங்க. பில் போடும்போது "எங்க கடை கிரெடிட் கார்டு எடுத்தா இன்னும் தள்ளுபடி"ன்னு கேட்பாங்க. புதுசா வந்தவங்க பலர் அங்கதான் மாட்டிக்கிறாங்க. அந்த மாதிரி கார்டு பலதுக்கும் வட்டி 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கிரெடிட் ஸ்கோர் இப்பதான் உருவாகிட்டிருக்கு, அவசரத்துல கையெழுத்துப் போடாதீங்க. ரசீதைப் பத்திரமா வைங்க. அந்தச் சமயத்துல வாங்கினதை ஜனவரி வரைக்கும் திருப்பி எடுத்துக்கிற கடைங்க நிறைய இருக்கு.

ஊருக்கு அனுப்ப மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எதுவும் இங்க வாங்காதீங்க. இங்க 120 வோல்ட், அங்க 230. நான் முதல் வருஷம் அம்மாவுக்கு ஆசையா வாங்கிட்டுப் போன மிக்ஸி, சட்னி அரைக்க ஆரம்பிச்ச நிமிஷமே புகைஞ்சு போச்சு. லேப்டாப், போன் சார்ஜர்ல 100-240ன்னு போட்டிருக்கும், அதுங்க பரவாயில்லை. போன் வாங்கினா அன்லாக்டா, அதாவது எந்த கம்பெனி சிம்மும் போடலாமான்னு மட்டும் கேட்டு வாங்குங்க.