பழைய கறுப்பு-வெள்ளை முகங்கள்: கலையா, ரசாயனமா?

இருட்டறை:
ராபர்ட் கொர்னீலியஸ் 1839இல் பிலடெல்பியாவில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தைப் பலரும் பகிர்ந்துவிட்டு, "எவ்வளவு ஆழமான பார்வை" என்று உருகுகிறார்கள். அந்தக் காலத்தில் முகம் பதிய நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பின்னாளில் ஸ்டூடியோக்களில் தலை ஆடாமலிருக்க முதுகுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியே வைத்தார்கள். அந்தக் கண்களில் இருப்பது ஆழமில்லை, ஆடிவிடக் கூடாதே என்ற கவலை. கைவினை என்றால் சரி. கலை என்பது நாம் பிறகு ஒட்டிய சீட்டு.

வெள்ளிஉப்பு:
கொர்னீலியஸை விட்டுத்தருகிறேன், அது சோதனை. ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1867இல் எடுத்த, விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புத் துணி, கறுப்புப் பின்னணி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். கலைந்த வெள்ளை முடி நெருப்பு மாதிரி எழுந்து நிற்கிறது. மேசை, தூண், திரைச்சீலை எதுவும் இல்லை. எதை விட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்த படம் இது. (படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ'வைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே ஹெர்ஷல்தான்!)

இருட்டறை:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் உதவுகிறது. கேமரன் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தட்டுக்கு (ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படமெடுக்கும் கண்ணாடி) நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறைய தெரியாது. அதனால் தோலின் சிவப்பும் புள்ளிகளும் கருத்துப்போய், சுருக்கங்கள் வெட்டினாற்போல விழும். நீங்கள் ரசிக்கும் அந்த முதுமையில் பாதி, ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்பு செய்த வேலை. உங்கள் பெயரே அதைத்தான் சொல்கிறது :)

மூன்றாம்கண்:
ஹாஹா.

வெள்ளிஉப்பு:
பெயரை மாற்றிக்கொள்கிறேன், வாதத்தை மாற்ற மாட்டேன். ரசாயனம்தான் காரணமென்றால் அதே ரசாயனத்தில் எடுத்த எல்லாப் படமும் அப்படி இருக்க வேண்டுமே? பாரிஸில் டிஸ்தேரி என்ற புகைப்படக்காரர் 1854இல் காப்புரிமை வாங்கிய, சிறு அட்டையில் ஒட்டித் தரும் படங்களைப் பாருங்கள். ஒரே தட்டில் எட்டுச் சிறு படம், கொலோடியன்தான். ஒரே தூண், ஒரே நாற்காலி, நூறு பேரும் ஒரே ஆள் மாதிரி. அதே ஊரில், அதே காலத்தில் நதார் என்ற இன்னொரு புகைப்படக்காரர் வெறும் பின்னணியில் ஆளை நிறுத்திப் பேச்சுக் கொடுத்து எடுத்தவர். தட்டு ஒன்றுதான், முகங்கள் மட்டும் ஏன் வேறு?

இருட்டறை:
டிஸ்தேரியிடம் மோசமானதையும் நதாரிடம் சிறந்ததையும் எடுத்து வைத்தால் யாரும் ஜெயிக்கலாம். கேமரன் படங்களில் இருக்கும் மங்கலையே எடுங்கள். அன்றைய விமர்சகர்கள் அதைக் கவனக்குறைவு என்றுதான் திட்டினார்கள். ஃபோகஸ் சரியில்லாத லென்ஸ், 48 வயதில் பரிசாக வந்த கேமரா. தவறு நடந்தது, பிறகு பாணியானது.

வெள்ளிஉப்பு:
தவறாகவே தொடங்கியிருக்கட்டும். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், மேலும் கூர்மையாக்கத் திருகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தவறைத் தெரிந்தே வைத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

மூன்றாம்கண்:
இடையில் ஒன்று. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1859இல் புகைப்படத்தைக் கலைகளுக்கு வேலைக்காரியாக இருக்கச் சொன்னார். அவரே நதார் முன்னால் போய் உட்கார்ந்தவர்தான். 1862இல் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று புகைப்படமும் கலைப்படைப்பாகலாம் என்றது. அதற்கு எதிராக ஓவியர்கள் மனுப் போட்டார்கள். நீங்கள் இருவரும் 160 வருடம் தாமதமாக வந்திருக்கிறீர்கள்.

இருட்டறை:
நீதிபதி சொல்லிக் கலை ஆகாது. ஆனால் அந்த 'திருகவில்லை' எனக்கு இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கேமரனை உங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான டாகரோடைப் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த ஆரம்பகாலப் படம்) முகங்களை மட்டும் தர மாட்டேன். அங்கே திருகாமல் விட்டவர் யாரென்று காட்டுங்கள், பார்க்கலாம்.

வெள்ளிஉப்பு:
எடின்பரோவில் ஹில், ஆடம்சன் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் சேர்ந்து 1840களில் எடுத்த நியூஹேவன் மீனவப் பெண்களோடு நாளை வருகிறேன். அவை டாகரோடைப் இல்லை, காகிதத்தில் எடுத்தவை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.